ஒரு புள்ளி

“புள்ளி வை, போதும். பெட்டி மூடிக்கொள்ளும்.”

நான் சொன்னது இவ்வளவுதான். நோயாளிக்கு எட்டு மணி மருந்து கொடுக்கத் தாமதமானால் கணினித் திரையில் சிவப்புப் பெட்டி வரும், காரணம் கேட்கும். காலியாக விட்டால் நகராது. இருபத்தெட்டுப் படுக்கை, இரவில் இரண்டு பேர். ஒவ்வொரு பெனடால் மாத்திரைக்கும் கட்டுரை எழுத முடியுமா? வார்டில் எல்லாரும் புள்ளிதான் வைத்தோம். புதிதாக வந்த தாதித் தங்கச்சிக்கும் அதையே சொல்லிக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் இரவு அவள் பென்சிலின் வகை மருந்தான அமோக்சிசிலினைக் குட்டிக் கப்பில் போட்டு ஒரு பாட்டியிடம் நீட்டினாள். பாட்டி வாங்கவில்லை. “இது என்ன மருந்து மிஸ்ஸி? பென்சிலின் எனக்கு ஆகாதும்மா. போன தடவை மூஞ்சியெல்லாம் வீங்கிடுச்சு.”

கணினியைப் பார்த்தேன். ஒவ்வாமை பதிவாகியிருந்தது, எச்சரிக்கையும் வந்திருந்தது. காரணக் கட்டத்தில் ஒரு புள்ளி.

“நீங்கதானே அக்கா வைக்கச் சொன்னீங்க” என்றாள். நான் சொன்னது தாமதத்துக்கு, ஒவ்வாமைக்கு இல்லை. ஆனால் இரண்டுக்கும் அதே பெட்டி, அதே சிவப்பு. அவளுக்கு எப்படித் தெரியும்? படிக்க வேண்டாமா என்றும் தோன்றுகிறது. மருந்து எழுதிய டாக்டரும் அந்த எச்சரிக்கையைத் தாண்டித்தானே வந்திருப்பார்?

1999-இல் மலேசியாவின் செலாயாங் மருத்துவமனை காகிதமே இல்லாமல் திறந்தபோது நான் பயிற்சித் தாதி. அப்போது எங்களுக்கு இன்னும் காகிதம்தான். ஒவ்வாமையைச் சிவப்பு மையில் மருந்து அட்டையின் தலையில் எழுதுவோம். அட்டை முழுக்க அது ஒன்றுதான் சிவப்பு, கண் தானாக அங்கே போகும். அதற்காகக் காகிதமே மேல் என்று சொல்ல மாட்டேன். டாக்டர் கையெழுத்தைப் படிக்கத் தெரியாமல் எத்தனை இரவு தவித்திருக்கிறேன்!

பாட்டி மாத்திரையை விழுங்கவில்லை. இருந்தாலும் சம்பவ அறிக்கை எழுதியாக வேண்டும். ‘எச்சரிக்கையைக் கவனிக்காமல் கடந்தார்’ என்று எழுதி அவள் பெயரைப் போட்டேன். பொய்யில்லை. புள்ளி வைக்கச் சொன்னது யார் என்று அந்தப் படிவத்தில் கேள்வி இல்லை. கேட்காவிட்டால் என்ன, கீழே எழுத இடம் இருந்ததே. அந்த இடம்தான் இன்னும் கண்ணில் நிற்கிறது.

இப்போது அவள் ஒவ்வொரு பெட்டிக்கும் முழு வாக்கியம் தட்டுகிறாள். போன வாரம் பத்தரை ஆகியும் எட்டு மணி மருந்து முடியவில்லை. பின்னால் போய் நின்று, “கொஞ்சம் சீக்கிரம், தங்கச்சி” என்றேன்.