அளக்காமல் என்ஜினைப் பிரிக்காதீர்கள்

ஓடிக்கொண்டிருக்கும் பழைய காரில் ஆயில் பிரஷர் முள் பூஜ்யத்துக்கு விழுந்தால் முதலில் வண்டியை ஓரங்கட்டி என்ஜினை நிறுத்த வேண்டும். முள் இருக்கும் கேஜ்தான் கெட்டிருக்கும், வீடுவரை ஓட்டிவிடலாம் என்ற எண்ணத்துக்கு இடமே தரக்கூடாது. கேஜ் கெட்டதாகவே இருக்கலாம். அது நிரூபணமாகும்வரை முள் காட்டுவதை உண்மை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அழுத்தம் இல்லாமல் ஓடினால் என்ஜினின் சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்குகள் நாசமாகச் சில நிமிடங்கள் போதும்.

என் காரில் வந்த கோளாறு கொஞ்சம் குழப்பமானது. என்ஜின் குளிர்ந்திருக்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். நன்றாகச் சூடேறியபின், ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஐடிலிங்கில் நிற்கும்போது மட்டும் முள் அடியில் போய் விழும். ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தால் பழையபடி எழுந்துவிடும். இதைக் கேட்ட ஒரு மெக்கானிக் உடனே சொன்னார்: "பேரிங் தேய்ந்துவிட்டது, என்ஜினைப் பிரித்துவிடலாம்."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயில் பம்ப் தருவது ஓட்டத்தைத்தான். பேரிங்குகளின் குறுகிய இடைவெளிகள் அந்த ஓட்டத்தைத் தடுப்பதால்தான் அழுத்தம் உண்டாகிறது. பேரிங் தேயத் தேய இடைவெளி பெருகும். சூட்டில் ஆயில் இளகும். ஐடிலிங்கில் பம்பும் மெதுவாகச் சுற்றும். இந்த மூன்றும் கூடினால் அழுத்தம் இறங்கத்தான் செய்யும். ஆனால் அப்படி இறங்கும் அழுத்தம் என்ஜின் சூடேற ஏற, படிப்படியாகத் தணியும். என் முள் தணியவில்லை, அறுந்து விழுந்தது. என்ஜின் ஒரே வேகத்தில் ஓடும்போதே ஒரு நொடி 20 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு), அடுத்த நொடி பூஜ்யம், மறுபடியும் 20. ஆயில் அழுத்தம் அப்படித் துள்ளாது. அங்கேதான் எனக்குச் சந்தேகம் தட்டியது.

இதில் ஒரு விலக்கு உண்டு. வளைவிலோ பிரேக் போடும்போதோ மட்டும் முள் விழுந்து எழுந்தால் அதை மின்கோளாறு என்று தள்ளிவிடாதீர்கள். என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் அளவு குறைந்து, பம்பின் உறிஞ்சுகுழாய் காற்றை இழுத்தாலும் அப்படித்தான் ஆகும். அதனால் எதைத் தொடுவதற்கு முன்னும் டிப்ஸ்டிக், அதாவது ஆயில் அளவைக் காட்டும் குச்சி. என் வண்டியில் அளவு சரியாகவே இருந்தது. என்ஜினில் தட்டும் சத்தம் எதுவும் இல்லை. எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. ஆனால் அந்த விளக்கை நம்பி நிம்மதி அடைய முடியாது. அதன் ஸ்விட்ச் பெரும்பாலும் 5 பிஎஸ்ஐ அளவுக்குக் கீழே போனால்தான் விளக்கை எரியவிடும். விளக்கு அணைந்திருப்பதால் அழுத்தம் போதுமானது என்று ஆகிவிடாது.

பிறகு பெட்ரோல், வெப்ப முள்களையும் பார்த்தேன். மூன்றும் சேர்ந்து தடுமாறினால் டேஷ்போர்டின் பின்னால் இருக்கும் வோல்டேஜ் ஸ்டெபிலைசரையோ, வண்டியின் உலோக உடலோடு சேரும் எர்த் இணைப்பையோ சந்தேகிக்க வேண்டும். இங்கே ஆயில் முள் மட்டும்தான் ஆடியது.

அடுத்தது, ஆயில் அழுத்தத்தை மின்தடையாக மாற்றிக் கேஜுக்குச் சொல்லும், என்ஜின் பிளாக்கில் திருகியிருக்கும் சென்சார். என் காரில் இருப்பது 240–33 ஓம் வகை: அழுத்தம் இல்லாதபோது 240 ஓம், முழு அளவில் 33 ஓம். இந்த வகையில் ஒயரைக் கழற்றினால் முள் அடியில் கிடக்கும்; ஒயரின் நுனியை ஒரு கணம் எர்த்தில் தொட்டால் முழு அளவுக்கு ஏறும். வேறு வகைகளில் இது தலைகீழ். 0–90 ஓம் சென்சாரிலும் 10–180 ஓம் சென்சாரிலும் ஒயரைக் கழற்றினால்தான் முள் உச்சிக்குப் போகும். எந்த வகை என்று தெரியாமல் இந்தச் சோதனையைச் செய்தால் நல்ல கேஜைக் கெட்டது என்று முடிவுகட்டிவிடுவோம். என் முள் இரண்டு பக்கமும் ஒழுங்காக நகர்ந்தது. அதனால் கேஜும் ஒயரும் தப்பித்தன.

ஒயரைக் கழற்றி, சூடான என்ஜின் ஐடிலிங்கில் ஓடும்போதே சென்சாரின் முனைக்கும் பிளாக்குக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்தேன். 150 ஓம் பக்கத்தில் எண்கள் லேசாக அசைந்துகொண்டிருந்தன. திடீரென்று மீட்டர் இணைப்பே இல்லை என்று காட்டியது. மறுபடியும் 150. முள் துள்ளியது போலவே சென்சாரும் துள்ளியது.

இவ்வளவு பார்த்தபிறகும் இறுதித் தீர்ப்பைச் சொல்ல வேண்டியது மெக்கானிக்கல் கேஜ்தான். சென்சாரைக் கழற்றி, அந்தத் துளையிலேயே குழாயோடு அதை மாட்ட வேண்டும். 1849-இல் யூஜீன் பூர்டோன் காப்புரிமை பெற்ற அதே வளைந்த குழாய்தான் அதற்குள் இருக்கிறது. அழுத்தம் ஏறினால் குழாய் நிமிர்ந்து முள்ளைத் தள்ளும். பேட்டரியோ எர்த்தோ அதற்குத் தேவையில்லை. சூடான ஐடிலிங்கில் 18 பிஎஸ்ஐ, 3000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 3000 சுற்று) 45. முள் ஒருமுறைகூடத் துள்ளவில்லை. ஆயிரம் ஆர்பிஎம்முக்குப் பத்து பிஎஸ்ஐ என்று பழைய என்ஜின்களுக்கு ஒரு கணக்குச் சொல்வார்கள். என் என்ஜின் அதைத் தாண்டியே நின்றது. பிரிக்க வேண்டிய அவசியமே இல்லை.

பழைய சென்சாரை ரம்பத்தால் அறுத்துப் பார்த்தேன். உள்ளே ஒரு மெல்லிய தகடு, அது தள்ளும் சின்னக் கை, அந்தக் கை உரசி நகரும் மின்தடைக் கம்பிச் சுற்று. சுற்றின் ஓரிடத்தில் மட்டும் கம்பி பளபளவென்று தேய்ந்து, நடுவே இரண்டு மூன்று இழைகள் அறுந்திருந்தன. ஐடிலிங்கில் அந்தக் கை நிற்கும் இடம் அதுதான். இத்தனை வருடமும் ஒரே இடத்தில் அதிர்ந்து அதிர்ந்து கம்பியைத் தின்றிருக்கிறது.

புதிதாக வாங்கும்போது ஓம் அளவும் மரையும் பழையதோடு பொருந்த வேண்டும். முறுக்கும்போது அடியிலிருக்கும் அறுகோணத்தில் ஸ்பேனரைப் போடுங்கள். மேலே இருக்கும் டப்பாவைப் பிடித்துத் திருகினால் அது பிடிப்பு விட்டு ஆயில் கசியும். மரையில் டேப்பை அடுக்கடுக்காகச் சுற்ற வேண்டாம். சென்சாருக்கு எர்த் கிடைப்பது அந்த மரை வழியாகத்தான். மாட்டியபின், மெக்கானிக்கல் கேஜ் காட்டிய ஐடிலிங் அளவையும் 3000 ஆர்பிஎம் அளவையும் டேஷ்போர்டு முள்ளோடு ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள். என் முள் இப்போது ஐடிலிங்கில் 20-க்குச் சற்றுக் கீழே, அசையாமல் நிற்கிறது.