தனியார் கல்லூரிக்குக் காசு கட்ட முதல்

ஏ.எல் ரிசல்ட் வந்த கையோட சின்னத் தனியார் கல்லூரியில சேர யோசிக்கிற பிள்ளையள், முதல்ல வரவேற்பறைச் சுவரில தொங்கிற பதிவுச் சான்றிதழைக் கிட்டப் போய்ப் பாருங்கோ. பதிவிலக்கத்தையும் முடிவுத் திகதியையும் போனில படம் எடுத்து, மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின்ர இணையத்தளத்தில ஒத்துப் பாருங்கோ. கல்லூரிக்குப் பதிவு இருக்கிறது வேற, நீங்கள் படிக்கப்போற கோர்ஸுக்கு அங்கீகாரம் இருக்கிறது வேற. கனபேர் சறுக்கிறது இதிலதான்.

என்.வி.கியூ. எண்டுற இலங்கையின்ர தேசிய தொழில் தகைமையில 4ஆம் மட்டம் வரைக்கும் சான்றிதழ், 5, 6 டிப்ளோமா, 7தான் பட்டத்துக்குச் சமன். பட்டமே தாறம் எண்டால் எந்தப் பல்கலைக்கழகம், அதை பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்குதோ எண்டு விசாரியுங்கோ.

வெளிநாட்டுச் சான்றிதழ் எண்டால் சோதனைக் கட்டணம் அனேகமா ஸ்ரேர்லிங் பவுண்ஸில வரும். ரூபாய் இறங்க இறங்க அது ஏறும். மொத்தக் காசையும், இடையில விட்டால் எவ்வளவு திரும்பத் தருவினம் எண்டதையும் எழுத்தில வாங்குங்கோ.

வகுப்பில 10 பேர் எண்டால் உண்மையிலேயே நல்லது, விளங்காததை நிப்பாட்டிக் கேக்கலாம். ஆனா ஆள் காணாட்டில் தொடங்கிற திகதி தள்ளித் தள்ளிப் போகும். விரிவுரையாளர் வெளியில இருந்து வாறவர் எண்டால், அவர் நிண்டதும் பாடமும் நிண்டுபோகும். இப்ப அங்க ரெண்டாம் வருசம் படிக்கிற பிள்ளையை வெளியில கண்டு, போன மாதம் எத்தனை வகுப்பு நடந்தது எண்டு கேளுங்கோ.