தூண்டில் ஈயத்துக்குப் பவுடர் கோட்டிங்: சுத்தியலால் அடித்துப் பாருங்கள்

தேங்காய்த்திட்டு முகத்துவாரத்திலும் கடலூர் உப்பனாற்றிலும் கொடுவா மீனுக்கு ஜிக் ஹெட் (தூண்டில் முள்ளோடு சேர்த்து வார்த்த ஈயத் தலை) போடுகிறவர்களுக்குத் தெரியும், நெயில் பாலிஷோ ஸ்ப்ரே பெயின்ட்டோ அடித்த ஈயம் கல்லில் நாலு தடவை இடித்தால் தோல் உரிந்துவிடும். புதுச்சேரி கடற்கரைச் சாலைப் பாறைகளில் அதற்கும் முன்பே போய்விடும். பவுடர் கோட்டிங், அதாவது வண்ணப் பவுடரை ஒட்டவைத்து அடுப்பில் வேகவைத்து இறுக்கும் பூச்சு, தாக்குப்பிடிக்கும். ஆனால் ஈயம் சுத்தமாக இருந்து, பூச்சும் முழுசாக வெந்திருக்க வேண்டும். பளபளப்பை வைத்து வெந்ததா இல்லையா என்று சொல்லவே முடியாது.

முதலில் ஈயம். சுத்த ஈயம் 327 டிகிரியில் உருகும். வண்டிச் சக்கரத்தில் பேலன்சிங்குக்கு அடிக்கும் எடைகளில் கொஞ்சம் ஆன்டிமனி கலந்திருப்பதால் வார்ப்பு கெட்டியாக வரும், பாறையில் பட்டாலும் எளிதில் நசுங்காது. ஜிக் ஹெட்டுக்கு அதுதான் நல்லது. தூண்டில் நரம்பில் பல்லால் கடித்து மாட்டுகிற ஈயக் குண்டுக்கு (கடிக்கக் கூடாது, இடுக்கி எதற்கு இருக்கிறது?) சுத்த ஈயம் வேண்டும். இப்போது வரும் சக்கர எடைகளில் துத்தநாகமும் இரும்பும் நிறைய. இடுக்கியால் அழுத்தினால் ஈயத்தில் தடம் விழும், துத்தநாகத்தில் விழாது. துத்தநாகம் உருக 419 டிகிரி வேண்டும் என்பதால் சட்டியை 400-க்குக் கீழேயே வைத்திருந்தால் அது உருகாமல் மேலே மிதக்கும், கரண்டியால் எடுத்துவிடலாம். கலந்துவிட்டால் உருகிய ஈயம் கஞ்சி மாதிரி திரியும், அச்சில் ஓரம் நிரம்பாது. பழைய பேட்டரித் தகடுகளைத் தொடவே வேண்டாம். அமிலமும் ஈய சல்பேட்டும் ஒரு பக்கம் இருக்க, அந்தக் கசடில் ஈரம் பட்டால் ஆர்சின் போன்ற உயிர்க்கொல்லி வாயு கிளம்பலாம்.

பழைய வலையில் கழற்றிய ஈயமணிகள் நம் பக்கம் எளிதாகக் கிடைக்கும். ஆனால் துளைக்குள் உப்பும் ஈரமும் ஒளிந்திருக்கும். கொதிக்கும் ஈயத்துக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போனாலும் ஆவியாகி மொத்தச் சட்டியையும் முகத்தில் வீசும். ஆறின இரும்புச் சட்டியில் மணிகளைப் போட்ட பிறகே அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும். உருகிய சட்டியில் புதிதாக ஈயம் எதையும் போடக் கூடாது. உருகினதும் ஒரு துண்டு மெழுகுவத்தி போட்டுக் கிளறினால் அழுக்கு மேலே வரும், வழித்துவிடலாம். வேலை முழுக்கத் திறந்த வெளியில், தோல் கையுறை, கண்ணாடியோடு.

அலுமினிய அச்சைச் சூடாக்கிக்கொண்டு 370 முதல் 400 டிகிரிக்குள் ஊற்றுங்கள். வார்ப்பில் சுருக்கம் விழுந்தால் அச்சு ஆறியிருக்கிறது. வெள்ளை பூத்தாற்போல் வந்தால் சூடு அதிகம், அதனால் கெடுதல் இல்லை. 15 மில்லிமீட்டர் விட்டமுள்ள சுத்த ஈய உருண்டை 20 கிராம் நிற்கும். ஆன்டிமனி கலவையில் அரை கிராம் போல் குறையும். பூச்சு சேர்ப்பது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குதான், கணக்கில் எடுக்க வேண்டாம்.

இனிப் பூச்சு. வார்த்ததை வெறும் கையால் தொடாமல் அசிட்டோனில் அலசிக் காயவிடுங்கள். விரல் எண்ணெயும் அச்சில் பிடித்த கரியும்தான் குழி குழியாக விழக் காரணம். பாலியெஸ்டர் பவுடர் வாங்குங்கள். எபாக்ஸி நம் வெயிலில் வெளுத்து மாவு மாதிரி உதிரும். பிளாஸ்டிக் டப்பாவில் பவுடரோடு போட்டுக் குலுக்கி நிலைமின்சாரத்தால் ஒட்டவைக்கும் முறையைப் பலர் சொல்வார்கள். வைகாசி, ஆனியில் மேல்காத்து வறண்டு வீசும் மதியத்தில் அது வேலை செய்யும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காத்து ஈரத்தில் சுத்தமாகச் செய்யாது. அதுவுமில்லாமல் முள்ளோடு வார்த்ததைக் குலுக்கினால் எல்லாம் பின்னிக்கொள்ளும்.

அதனால் இந்தக் கரையோரத்துக்குச் சூட்டில் முக்குவதே சரி. பவுடரைத் தேயிலை வடிகட்டியில் சலித்து, கட்டியில்லாமல் ஒரு கோப்பையில் போட்டுக் கிளறித் தளர்த்துங்கள். முள்ளை இடுக்கியில் பிடித்து, ஈயத்தைச் சூட்டுத் துப்பாக்கியில் (சுடுகாற்று வீசும் ஹீட் கன்) 130 டிகிரி அளவுக்குக் காட்டி, பவுடரில் ஒரு நொடி முக்கி எடுத்தால் போதும். மேலே படிந்தது தானாக இளகிப் பளபளக்கத் தொடங்கும். பவுடர் ஒட்டாமல் உதிர்ந்தால் சூடு பத்தவில்லை. தடித்துக் கீழே சொட்டு கட்டினால் சூடு கூடிவிட்டது. நரம்பு கட்டும் வளையத்தில் படிந்ததை அப்போதே ஊசியால் குத்தி எடுங்கள், வெந்த பிறகு வராது.

பிறகு ஓடிஜியில் (கேக் சுடும் சிறிய மின்சார அடுப்பு) தொங்கவிட்டு 200 டிகிரியில் 15 நிமிடம் வேகவிடுங்கள். அந்த ஓடிஜியில் அதற்கப்புறம் கேக் சுடக் கூடாது. திருகு காட்டும் எண்ணை நம்பாமல் உள்ளே தனி வெப்பமானி வையுங்கள். 200 என்று திருகினாலும் உள்ளே 170 இருக்கும், சில சமயம் 230 இருக்கும். பற்றவைப்பு ஈயத்தைத் தாராளமாகக் கலந்தவர்களுக்கு இங்கேதான் வினை. 60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு ஈயமும் கலந்த அந்தச் சால்டர் 183 டிகிரியிலேயே இளகும். அது நிறையக் கலந்த வார்ப்பு அடுப்பிலேயே தொய்ந்து போகும்.

ஆறினதும் சோதனை. அசிட்டோன் நனைத்த பஞ்சால் 20 தடவை தேயுங்கள். லேசாக மங்கினால் பரவாயில்லை. பஞ்சில் நிறம் ஏறினால் வேகவில்லை, இன்னும் 10 நிமிடம் வைக்கலாம். அடுத்து, ஒவ்வொரு தொகுதியிலும் ஒன்றை முள் இல்லாமல் வார்த்து வைத்து, இரும்புக் கட்டையில் சுத்தியலால் பாதி உயரத்துக்கு நசுக்குங்கள். கைத்துப்பாக்கிக் குண்டு வார்த்துப் பவுடர் பூசும் வெளிநாட்டுக்காரர்கள் செய்வதும் இதே சோதனைதான். நம் நாட்டில் உரிமமில்லாமல் அந்தக் குண்டு வார்ப்பது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம், சோதனையை மட்டும் எடுத்துக்கொள்வோம். நல்ல பூச்சு ஈயத்தோடு சேர்ந்து விரியும், விளிம்பில் மட்டும் மெல்லிய கீறல் தெரியலாம். முட்டை ஓடு மாதிரி நொறுங்கினால் வேகவில்லை, இல்லை பூச்சு தடித்துப் போச்சு. தாளாக உரிந்து, அடியில் ஈயம் பளிச்சென்று தெரிந்தால் அடுப்பைக் குறை சொல்லாதீர்கள், கழுவலில்தான் கோளாறு. அதை மறுபடி வேகவைத்துப் பயனில்லை.

பூச்சு இருந்தால் ஈயம் கையில் ஒட்டாது, ஆனால் பாறையில் தேயத் தேயத் தண்ணீரில் கலக்கத்தான் செய்யும். அன்னங்கள் செத்ததால் பிரிட்டன் 1987-லேயே சிறிய ஈய எடைகளைத் தடை செய்தது. எனவே நரம்பு அறுந்து எடை போய்விடுகிற இடத்தில் இரும்பு போல்ட்டைக் கட்டுங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், போட்டிருந்த சட்டையைக் குழந்தைகள் துணியோடு துவைக்காதீர்கள்.

நசுக்கின குண்டுகளைத் திரும்ப உருக்கலாம். பூச்சு கரிந்து கெட்ட புகை வரும், காற்று வரும் பக்கமாக நில்லுங்கள். மேலே மிதக்கும் கரியை வழித்து மூடி போட்ட டப்பாவில் சேர்த்து வையுங்கள், கொல்லையில் கொட்ட வேண்டாம்.