மேனிக் மைனரின் பூட்ஸ்

இன்று எமுலேட்டரில் (பழைய கணினியைப்போல இயங்கும் மென்பொருள்) ‘மேனிக் மைனர்’ ஆடும்போது 6031769 என்று தட்டினேன். திரையின் அடியில், மிச்சமிருந்த உயிர்களுக்குப் பக்கத்தில் ஒரு பூட்ஸ் வந்து நின்றது!

1983-ல் ஸ்பெக்ட்ரம் கணினிக்காக மேத்யூ ஸ்மித் எழுதிய விளையாட்டு. அப்போது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை.

பூட்ஸ் வந்துவிட்டால் விளையாட்டின் கட்டங்களான 20 குகைகளில் எதற்கும் தாவலாம். ஆனால் குகை எண்ணைத் தட்டினால் நடக்காது.

1 முதல் 5 வரையுள்ள விசைகளின் மதிப்பு 1, 2, 4, 8, 16. முதல் குகை பூஜ்ஜியம். கடைசிக் குகை 19. அதாவது 16 + 2 + 1. ஆகவே 5, 2, 1 ஆகிய விசைகளை அழுத்திக்கொண்டு 6-ஐயும் அழுத்த வேண்டும்.

குறுக்கு வழியில் போகவே, 0, 1 மட்டும் கொண்டு எழுதும் இரும எண் தெரிய வேண்டுமாம்!

கணக்குப் பாடம் நடத்தும் எண்ணமெல்லாம் ஸ்மித்துக்கு இருந்திருக்காது. அந்த ஐந்து விசைகளையும் ஸ்பெக்ட்ரம் ஐந்து பிட்டுகளாக, அதாவது ஐந்து இரும இலக்கங்களாகத்தான் படிக்கும். வந்ததை ஏறக்குறைய அப்படியே குகை எண்ணாக்கிவிட்டார். 48 கேபி நினைவகத்தில் எழுதுகிறவரின் சிக்கனம்.

இப்படிப்பட்ட ரகசியங்களில் பல, ஆடுபவருக்கு வைத்த பரிசே அல்ல என்று தோன்றுகிறது. கொத்தனார் சாரத்தைப் பிரிக்காமல் போனதுபோல, செய்தவர் தன் வசதிக்கு வைத்துக்கொண்ட வழி அங்கேயே நின்றுவிட்டது.

வேறு நிறுவனம் மறுபடி வெளியிட்ட பதிப்பில் இந்த எண் பலிக்காது. அங்கே ‘டைப்ரைட்டர்’ என்ற ஆங்கிலச் சொல்லைத் தட்ட வேண்டும்.