நாசிக் போய்த் திரும்பிய எங்கள் சாமை

சவ்வாது மலையில் விளைகிற சாமையை எடைபோட்டு வாங்கி, மூட்டை கட்டி, லாரியில் ஏற்றி அனுப்புவதுதான் எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகச் செய்துவந்த வியாபாரம். அம்மூட்டைகளில் பெரும்பங்கு மகாராட்டிரத்தின் நாசிக் ஆலைகளுக்குப் போய், உமி நீங்கி அரிசியாகி, மறுபடியும் தமிழ்நாட்டுக் கடைகளுக்கே வந்து சேரும். மலையில் நாங்கள் கொடுத்த விலையைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான விலையில் அதே சாமையைப் போளூர்க் கடையில் உறையில் பார்த்த நாளிலிருந்து, இந்த வேலையை இங்கேயே செய்ய வேண்டும் என்ற எண்ணம் எனக்குள் ஊறிக்கொண்டே இருந்தது.

2021ஆம் ஆண்டில், மலையிலுள்ள பதினான்கு உழவர் குடும்பங்களோடு சேர்ந்து ஜமுனாமரத்தூருக்கு அருகே ஓர் அரவைக்கூடம் அமைப்பது என்று முடிவெடுத்தோம். எல்லாத் தானியத்தையும் ஒரே ஓட்டத்தில் அரிசியாக்கும் என்று சொல்லி ஓர் இயந்திரத்தை ஒரு வியாபாரி எங்களிடம் காட்டினார். அதில் 100 கிலோ சாமையை ஓட்டிப் பார்த்ததில் 52 கிலோ அரிசிதான் கிடைத்தது. அதிலும் நொய் மிகுதி, உமி நீங்காத மணிகளும் நிறைய. முன்பணத்தைக் கையில் வைத்துக்கொண்டே, எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று திருவண்ணாமலை அருகே அத்தியந்தலில் உள்ள சிறுதானிய மகத்துவ மையத்துக்குப் போனேன். அது கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மையம்.

அங்கிருந்த பேராசிரியர் இயந்திரத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நான் கொண்டுபோன சாமையில் ஒரு கைப்பிடியை வெள்ளைத் தாளில் கொட்டி, விரல் நுனியால் பிரித்துப் பார்த்தார். பிறகு கண் அளவு மாறுபட்ட மூன்று சல்லடைகளில் அதைச் சலித்து, மூன்று குவியலாக வைத்தார். "இது ஒரு சாமை இல்லைங்க, மூணு சாமை" என்றார். பல நாட்டு ரகங்கள் கலந்து விளைந்து, ஒரே நேரத்தில் முற்றாமல் அறுவடையான தானியம் அது. பெருமணிக்கு ஏற்ற வேகத்தில் இயந்திரத்தை ஓட்டினால் சிறுமணி உமியோடு தப்பிவிடும்; சிறுமணிக்காக வேகத்தைக் கூட்டினால் பெருமணி நொறுங்கிவிடும். உறையில் தெரிகிற குறை வயலிலேயே தொடங்கிவிடுகிறது என்பதை, இத்தனை ஆண்டு சாமை வியாபாரம் செய்தும், நான் அன்றுதான் அறிந்தேன். அந்த மையத்திலிருந்து 2019இல் வெளியான ஏடிஎல் 1 என்ற சாமை ரகம் ஒருசேர முதிர்வது. அவ்விதையை எங்கள் குழுவில் ஐந்து குடும்பங்கள் அடுத்த பட்டத்தில் விதைத்தன. மற்றவர்கள் நாட்டு ரகத்தை விட மனமில்லை என்றார்கள். அவர்களுடைய தானியத்தைத் தனியே சலித்துத் தரம் பிரித்து வாங்கலாம் என்று வைத்துக்கொண்டோம்.

அடுத்த கட்டச் சோதனைகளுக்காக நான்கு மூட்டைகளோடு கோவைப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். ஈரப்பதம் 12 விழுக்காட்டுக்குக் கீழ் வரும்வரை காயவைத்து, கல் நீக்கி, அளவு பிரித்து, மணியைச் சுழல்விசையால் சுவரில் மோதவிட்டு உமியை உடைக்கும் இயந்திரத்தில் ஒவ்வொரு அளவையும் தனித்தனியே ஓட்டியபோது, 100 கிலோவுக்கு 63 கிலோ அரிசி கிடைத்தது. வாங்க வேண்டிய இயந்திரம் எது என்பது அன்றே முடிவாயிற்று.

அரிசி வந்துவிட்டது, இனி உறையில் போட்டு விற்கலாம் என்று நான் அவசரப்பட்டேன். தவிடு நீக்காத சாமையில் எண்ணெய்ச் சத்து இருப்பதால் சில வாரங்களில் சிக்கு வாடை வந்துவிடும், சேமிப்புக் காலத்தைச் சோதிக்காமல் உறையில் தேதி அச்சிடாதீர்கள் என்று அவர்கள் தடுத்தார்கள். அந்தக் காத்திருப்பு மூன்று மாதம் நீண்டது. குழுவில் சிலர் முகம் கொடுத்துப் பேசவில்லை. இருந்தும், ஏழாவது வாரத்தில் ஒரு மாதிரி உறையைப் பிரித்து முகர்ந்தபோது, பழைய நல்லெண்ணெய்ப் பாத்திரத்தின் காறல் மூக்கில் ஏறியது. அதைக் கடைக்கு அனுப்பியிருந்தால் எங்கள் பெயர் முதல் மாதத்திலேயே கெட்டிருக்கும். சாமையை உமியோடு ஆவியில் வேகவைத்து உலர்த்திய பிறகு குத்தினால், எண்ணெயைக் கெடுக்கும் நொதி செயலிழக்கும் என்று கற்றுக்கொடுத்தார்கள். அப்படிச் செய்த மாதிரி, சோதனைக் காலம் முழுவதும் வாடை மாறாமல் நின்றது, நொய்யும் குறைந்தது.

சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவும் உணவுப் பாதுகாப்புப் பதிவும் அதிகச் சிரமமின்றி முடிந்தன. வங்கிக் கடன்தான் இழுத்தது. குறு உணவுப் பதப்படுத்தும் நிறுவனங்களுக்கான ஒன்றிய அரசின் திட்டத்தில் அப்போது திட்டச் செலவில் 35 விழுக்காடு, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை மானியம் இருந்தது. ஆனால் அது கடனோடு இணைந்தது. நான் முதலில் எழுதிக்கொண்டு போன திட்ட அறிக்கையை வங்கி இரண்டு முறை திருப்பி அனுப்பியது. பல்கலைக்கழகத்தின் வேளாண் வணிக மேம்பாட்டு இயக்ககத்தில் ஓர் இளைஞர் அதை வாங்கிப் படித்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: அறுவடை முடிந்து சாமை தீர்ந்த மாதங்களில் இயந்திரம் என்ன செய்யும்? எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. அந்த மாதங்களில் சமவெளியிலிருந்து வரும் தினை, வரகு, குதிரைவாலியைக் கூலிக்கு அரைத்துக் கொடுப்பது என்று கணக்கை மாற்றி எழுதியபின் கடன் கிடைத்தது. இன்று கூடத்தில் வேலை செய்யும் ஆறு பெண்களுக்கும் ஆண்டு முழுவதும் சம்பளம் கொடுக்க முடிவது அந்த ஒரு கேள்வியால்தான்.

கொள்முதல் தராசுக்குப் பக்கத்தில் இப்போது மூன்று சல்லடைகள் தொங்குகின்றன. சென்ற பட்டத்தில், நாட்டு ரகமே போதும் என்று சொன்ன பாட்டி ஒருவர், மூட்டையை இறக்கியதும் நான் எழுவதற்குள் பெரிய கண் சல்லடையைத் தானே எடுத்துச் சலிக்கத் தொடங்கினார். "மேல நிக்கிறதை விதைக்கு வச்சுக்கிறேன் தம்பி, கீழ விழுந்ததை எடை போடு" என்றார்.