யுபிவிசி ஜன்னல்: ஆடி முதல் ஐப்பசி வரை செய்து பார்த்தவை

யுபிவிசி (கெட்டிப் பிளாஸ்டிக்) ஜன்னல் ஒழுகுகிறது என்றால் எல்லோருடைய கையும் முதலில் சிலிக்கான் குழாயைத்தான் தேடுகிறது. எங்கள் வீட்டைப் பார்க்க வந்த ஆளும் அதையேதான் சொன்னார். "சார், வெளிப்பக்கம் சுற்றிலும் சிலிக்கான் அடித்துவிடலாம். அப்புறம் ஒரு சொட்டு வராது." சட்டத்தின் அடியில் இருக்கும் வடிகால் துளைகளை அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. சறுக்கு ஜன்னலின் தடத்துக்குள் மழைத்தண்ணீர் வரத்தான் செய்யும். வந்த தண்ணீர் தானாகவே வெளியே இறங்கிப் போகும்படிதான் அந்தச் சட்டத்தை வடிவமைத்திருக்கிறார்கள். அந்த வழியையும் சேர்த்துப் பூசி அடைத்தால் அடுத்த மழையில் கூடம் குளமாகும். ஆகவே அவரை அனுப்பிவிட்டு வேலையை நானே எடுத்துக்கொண்டேன்.

எங்கள் வீடு பாலவாக்கத்தில், கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கூடத்திலும் படுக்கையறைகளிலும் மூன்று தடம் கொண்ட சறுக்கு ஜன்னல்கள்: கண்ணாடிக் கதவு இரண்டு, கொசுவலைக் கதவு ஒன்று. சமையலறையில் மட்டும் கீலில் திறக்கும் ஜன்னல். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது கிழக்குப் பார்த்த ஜன்னல்கள் எல்லாமே உள்ளே ஊற்றின. அதற்கு முன்பிருந்தே கதவுகள் நகர மறுத்தன, பூட்டு கொக்கியில் மாட்டவில்லை. வடகிழக்குப் பருவமழைக்கு முன் முடித்துவிட வேண்டும் என்று இந்த ஆடியில் தொடங்கினேன்.

ஆடி: தண்ணீர் எங்கே போகிறது?

பழுதைக் கண்டுபிடிக்கத் தேவைப்பட்டவை ஒரு சொம்புத் தண்ணீரும் ஒரு பென்சிலும்தான். கூடத்து ஜன்னலின் கீழ்த்தடத்தில் மெதுவாகத் தண்ணீர் ஊற்றினேன். நல்ல நிலையில் இருக்கும் ஜன்னலில் அந்தத் தண்ணீர் தடத்தின் அடியிலுள்ள நீள்துளை வழியாகச் சட்டத்தின் உள்ளறைக்கு இறங்கி, வெளிமுகத்தில் இருக்கும் இன்னொரு துளை வழியாக வெளியேற வேண்டும். இந்த இரண்டு துளைகளும் நேருக்கு நேர் இருக்காது, சற்று விலகி இருக்கும். நேருக்கு நேர் இருந்தால் காற்று நேராகத் தண்ணீரை உள்ளே தள்ளிவிடும் என்பதற்காக அப்படி. எங்கள் ஜன்னலில் ஊற்றிய தண்ணீர் ஊற்றியபடியே நின்றது.

மெல்லிய கம்பியை முனையில் வளைத்து உள்ளே விட்டு இழுத்தபோது வந்தவை: சிமென்ட் துணுக்கு, உரிந்த பெயின்ட், குளவி கட்டிய மண்கூடு, ஆடிக்காற்று கொண்டுவந்து சேர்த்த புழுதி இறுகிய கட்டிகள். வெளித்துளைகளில் ஒன்றைச் சுவருக்குப் பெயின்ட் அடித்தவர்கள் பட்டியால் பூசியே மூடியிருந்தார்கள். அதைப் பழைய ஹாக்சா பிளேடின் முனையால் கொத்தி எடுத்தேன். முதலில் வேக்குவம் கிளீனர், பிறகு கம்பி, கடைசியில் தண்ணீர் என்ற வரிசை முக்கியம். முதலிலேயே தண்ணீர் ஊற்றினால் புழுதி சேறாகி உள்ளறையில் படிந்துவிடும்.

கூடத்து ஜன்னல் இத்துடன் சரியாயிற்று. படுக்கையறை ஜன்னலில் வேறு சிக்கல். துளைகள் திறந்திருந்தும் ஜன்னலுக்குக் கீழே சுவரில் ஈரம் படர்ந்து பெயின்ட் கொப்பளித்துக்கொண்டிருந்தது. வெளித்துளைகளை டேப் ஒட்டித் தற்காலிகமாக மூடினேன். தடத்தில் தண்ணீர் நிரப்பி, நீர்மட்டத்தைப் பென்சிலால் குறித்துவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தேன். மட்டம் குறிக்குக் கீழே இறங்கியிருந்தது. வெளியே ஒரு சொட்டும் வரவில்லை, ஆகவே அது சுவருக்குள்தான் போயிருக்க வேண்டும். தடத்தைத் துடைத்து டார்ச் அடித்துப் பார்த்ததில், சட்டத்தைச் சுவரோடு பிணைக்கக் கீழ்த்தடத்தின் வழியாகவே இறக்கியிருந்த ஸ்குருக்கள் தெரிந்தன. தலையைச் சுற்றி எந்தப் பூச்சும் இல்லை, துருவேறிய செம்பழுப்பு வளையம் மட்டும். ஒவ்வொரு மழையிலும் தண்ணீர் அந்த ஓட்டைகள் வழியாகச் சுவருக்குள் இறங்கியிருக்கிறது. ஒவ்வொன்றாகக் கழற்றி, ஓட்டையை நன்றாகக் காயவிட்டு, உள்ளே சிலிக்கான் செலுத்தி, துருப்பிடிக்காத எஃகு ஸ்குருவை இறக்கி, தலைக்கு மேலும் பூசினேன். வெளியே எத்தனை குழாய் சிலிக்கான் அடித்திருந்தாலும் இந்த ஒழுகல் நின்றிருக்காது.

ஆவணி: நகராத கதவு

கதவு நகரவில்லை என்றால் தடத்தில் எண்ணெய் விடுவது வழக்கம். தயவுசெய்து விடாதீர்கள். தேங்காய் எண்ணெயோ மிஷின் எண்ணெயோ, எதுவானாலும் புழுதியைப் பிடித்து மாவாக்கிவிடும். பெட்ரோலியம் கலந்த ஸ்பிரேக்கள் கண்ணாடியைச் சுற்றியுள்ள ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பரை உப்ப வைத்துக் கெடுத்துவிடும். சிலிக்கான் ஸ்பிரே போதும், அதுவும் தடத்தைத் துடைத்த பிறகு கொஞ்சமாக. தின்னர், அசிட்டோன் இரண்டும் யுபிவிசியையே இளக்கும். சோப்புத் தண்ணீரை மிஞ்சிய துப்புரவுப் பொருள் இதற்கு இல்லை.

எங்கள் கதவுகளுக்கு ஸ்பிரே உதவவில்லை. ரோலர்களைப் பார்க்கக் கதவை இறக்க வேண்டியிருந்தது. 5 மி.மீ. கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்குப் பன்னிரண்டரை கிலோ எடை. அதனுடன் சட்டமும் உள்ளே செருகிய இரும்புக் குழாயும் சேர்ந்தால் ஒரு கதவு இருபது கிலோவை நெருங்குகிறது. மைத்துனனை வரச்சொன்னேன். மேல்தடத்தில் கதவு எகிறாமல் தடுக்கும் பிளாஸ்டிக் கட்டை ஒன்று இருக்கும். முதலில் அதை எடுக்க வேண்டும். பிறகு கதவை இருபுறமும் பிடித்து மேலே தூக்கி, அடிப்பக்கத்தை நம் பக்கமாக இழுத்தால் வெளியே வந்துவிடும். "அத்தான், நீங்கள் கீழே பாருங்கள், மேலே நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று அவன் பிடித்துக்கொள்ள, அலுங்காமல் இறக்கினோம். எங்கள் வீட்டில் இரும்புக் கிராதி வெளிப்பக்கம் இருப்பதால் இது முடிந்தது. கிராதி உள்பக்கம் இருக்கும் வீடுகளில் அதைக் கழற்றாமல் கதவு வராது. ஜன்னல் போடும்போதே இதை யோசிக்க வேண்டும்.

கதவைக் கட்டிலில் சாய்த்து அடியைப் பார்த்தபோது காரணம் கண்ணுக்கு நேரே இருந்தது. நைலான் சக்கரத்தின் அச்சில் தலைமுடி இறுகச் சுற்றியிருந்தது. பேரிங்கைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்து, அதற்குக் கீழே துரு. சுழல முடியாத சக்கரம் நின்ற இடத்திலேயே தேய்ந்து, ஒரு பக்கம் தட்டையாகிவிட்டது. சக்கரம் தேய்ந்ததால் கதவு சில மில்லிமீட்டர் கீழிறங்கியிருக்கிறது. பூட்டுக் கொக்கி எதிர்ப்பக்கத் துளைக்குள் போகாததற்கும் இதுதான் காரணம். பூட்டு கெட்டுவிட்டது, மாற்ற வேண்டும் என்று முன்பு ஒருவர் சொல்லியிருந்தார். பூட்டில் எந்தக் கோளாறும் இல்லை.

ரோலர் வாங்கப் போகும்போது பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். உயரம், அகலம், சக்கரத்தின் பள்ளம் மூன்றும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும். பாரிமுனைக் கடைகளில் ஒவ்வொன்றாக வைத்துப் பொருத்திப் பார்த்து வாங்கினேன். கடலோர வீட்டுக்கு ரோலரின் கூடு துருப்பிடிக்காத எஃகில் இருந்தால் விலை கூடினாலும் அதுதான் சரி. மாட்டும்போது, கதவின் பக்கவாட்டில் அடிமூலையில் இருக்கும் சிறு பிளாஸ்டிக் மூடியை எடுத்தால் உள்ளே உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்குரு தெரியும். இருபக்க ஸ்குருக்களையும் மாறி மாறித் திருப்பி, கதவின் விளிம்பும் பக்கச் சட்டமும் மேலிருந்து கீழ்வரை ஒரே இடைவெளியில் நிற்கும்வரை சரிசெய்தேன். அதன் பிறகு பூட்டு தொட்டதும் விழுந்தது. கதவை ஒரு விரலால் தள்ள முடிகிறது.

கதவு வெளியே இருக்கும்போதே தடத்தின் மேல் பதித்திருக்கும் அலுமினியப் பட்டையையும் தடவிப் பார்த்துவிடுங்கள். சில மலிவான ஜன்னல்களில் அந்தப் பட்டையே இருக்காது. ரோலர் நேராக யுபிவிசி மேல் ஓடித் தேய்த்துவிடும். பட்டையில்லாத தடத்துக்குப் புது ரோலர் போட்டுப் பெரிய பயனில்லை. ஓரத்துப் பிரஷ் பட்டையையும் இதே சமயத்தில் மாற்றினேன். காற்றில் விசில் போலக் கேட்ட சத்தமும் உள்ளே வந்த புழுதியும் அந்தப் பிரஷ் நைந்ததால்தான். நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் இதழ் வைத்த பிரஷ் கிடைக்கிறது, அது காற்றை இன்னும் நன்றாகத் தடுக்கிறது.

புரட்டாசி: தொங்கிய சமையலறைக் கதவு

கீலில் திறக்கும் ஜன்னலின் கதவு கைப்பிடிப் பக்கம் தாழ்ந்து, மூடும்போது கீழ்ச்சட்டத்தில் உரசிக்கொண்டிருந்தது. கீல் தேய்ந்திருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஸ்குருக்களை இறுக்கியும் சரியாகவில்லை. இந்த மாதிரிக் கதவில் கண்ணாடியும் எடையைத் தாங்குகிறது. கீல் பக்கத்துக் கீழ்மூலையிலும் அதற்குக் குறுக்கே கைப்பிடிப் பக்கத்து மேல்மூலையிலும் கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவில் பிளாஸ்டிக் துண்டுகளைச் செருகுவார்கள். அப்போது கண்ணாடி மூலைக்கு மூலை முட்டுக்கொடுத்துக் கதவைத் தூக்கிப் பிடிக்கும். அந்தத் துண்டு நழுவினால் கதவு தொங்கிவிடும்.

கண்ணாடியைப் பிடித்திருக்கும் உள்பட்டைகளைப் பட்டித் தகட்டால் நெம்பி எடுத்தேன். நீளமான பட்டையின் நடுவில் தொடங்கினால் சுலபமாக வரும். திரும்பப் போடும்போது குட்டையானவற்றை முதலில் போட வேண்டும். எதிர்பார்த்தபடியே மேல்மூலைத் துண்டு நழுவி ஓரத்தின் நடுவில் கிடந்தது. கதவை மைத்துனன் சற்றே தூக்கிப் பிடிக்க, அந்த மூலையில் 3 மி.மீ. துண்டும் அதன் மேல் 1 மி.மீ. துண்டும் வைத்தேன். உரசல் நின்றது. பட்டைகளை ரப்பர் சுத்தியலால் தட்டி உட்கார வைத்தேன். பிறகு ஒரு காகிதத்தை இடையில் வைத்துக் கதவை மூடி, இழுத்துப் பார்த்தேன். சுற்றிலும் இறுக்கமாக நின்ற காகிதம் ஓரிடத்தில் மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தது. அந்த இடத்துப் பூட்டுக் குமிழை அலன் கீயால் (அறுகோண முனைச் சாவி) கொஞ்சம் திருப்பியதும் அங்கேயும் பிடித்துக்கொண்டது.

சிலிக்கானுக்கு இப்போதுதான் வேலை வந்தது: சட்டத்துக்கும் சுவருக்கும் இடையிலுள்ள வெளி விரிசல். யுபிவிசி வெயிலில் நன்றாக விரியும். ஒன்றரை மீட்டர் நீளச் சட்டம் 30 டிகிரி வெப்ப மாற்றத்தில் ஏறக்குறைய 3 மி.மீ. நீளும். ஆகவே விறைத்துப்போகும் பட்டியோ வெள்ளை சிமென்ட்டோ அங்கே ஒரு கோடைகூடத் தாங்காது. பழைய பூச்சை முழுக்கச் சுரண்டி, விரிசலுக்குள் நுரைக்கயிறு செருகி, இருபுறமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன் பிறகே சிலிக்கான் இட்டேன். நுரைக்கயிறு இருந்தால் சிலிக்கான் பின்புறம் ஒட்டாமல் இரண்டு பக்கமும் மட்டும் ஒட்டி, ரப்பராக இழுபடும். வினிகர் வாசனை வரும் அமில வகையை வாங்க வேண்டாம். சிமென்ட்டிலும் உலோகத்திலும் அது சரிவராது. 'நியூட்ரல்' என்று குழாயில் அச்சிட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். வடிகால் துளைகளுக்கு முன்னால் மட்டும் டேப்பை விட்டுவைத்து, பூசி முடித்த பிறகு கழற்றினேன்.

ஐப்பசி: மழை

முதல் கனமழையில் கூடத்து ஜன்னலின் முன் நின்று பார்த்தேன். தடத்தில் தண்ணீர் சேர்ந்தது, சேர்ந்த வேகத்திலேயே வெளித்துளைகளில் வழிந்தது. படுக்கையறைச் சுவரில் புதிய ஈரம் இல்லை.

பலத்த காற்றோடு மழை அடித்த ஓர் இரவில் மட்டும் கிழக்கு ஜன்னலில் தண்ணீர் தடத்திலேயே தேங்கி நின்றது. துளை அடைத்ததால் அல்ல. மணிக்கு 50 கி.மீ. காற்று ஜன்னலின் மேல் தரும் அழுத்தம் ஏறக்குறைய 12 மி.மீ. உயர நீரின் எடைக்குச் சமம். அந்த உயரத்துக்குத் தேங்கிய பிறகுதான் தண்ணீர் காற்றை எதிர்த்து வெளியேற முடியும். எங்கள் தடத்தின் உள்விளிம்பு 20 மி.மீ. என்பதால் வீட்டுக்குள் வரவில்லை. காற்று 70 கி.மீ. ஆனால் தேவைப்படும் உயரம் 23 மி.மீ., அப்போது விளிம்பைத் தாண்டிவிடும். ஃபெஞ்சலின்போது அடைத்த துளைகளோடு இதுவும் சேர்ந்திருக்கும். ஜன்னல் வாங்குபவர்கள் கண்ணாடியின் நிறத்தையும் கைப்பிடியின் அழகையும் விசாரிக்கிறார்கள். கடற்கரையில் குடியிருப்பவர்கள் உள்விளிம்பின் உயரத்தைத்தான் அளவுகோல் வைத்துப் பார்க்க வேண்டும்.

இந்த ஒரு ஜன்னலுக்கு மேலே சன்ஷேடு மிகக் குறுகலாக இருக்கிறது. அதை ஓரடி நீட்டினால் கண்ணாடியில் அடித்து வழியும் தண்ணீரே குறையும். கொத்தனாரிடம் பேசியிருக்கிறேன். மழைக்காலம் முடிந்து தை பிறந்ததும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை புயல் எச்சரிக்கை வந்தால் வெளித்துளைகளைக் கம்பியால் ஒரு முறை குத்திப் பார்த்துவிட்டு, அந்தத் தடத்தின் உள்விளிம்பை ஒட்டிப் பழைய துண்டைச் சுருட்டி வைக்கிறோம்.