நம் நவம்பரும் ஜெய்ப்பூரின் நவம்பரும்

ஜெய்ப்பூரில் ஐந்து ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுக் கடலூர் முதுநகருக்குத் திரும்பிய முதல் ஐப்பசியில்தான், இரண்டு ஊர்களின் காற்றும் வெவ்வேறு நாட்காட்டிகளைப் பின்பற்றுகின்றன என்பது எனக்கு உறைத்தது. தீபாவளியை ஒட்டி அங்கிருக்கும் நண்பர்கள் முகக்கவசத்தைத் தேடத் தொடங்கும் நாட்களில், இங்கே அடைமழை கூரைகளையும் மரங்களையும் கழுவிக்கொண்டிருந்தது. அத்துடன் காற்றில் மிதந்த தூசியையும் புகையையும் கூடத் தரைக்கு இறக்கிவிட்டது.

கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 430 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஜெய்ப்பூருக்கு வடக்கிலும் கிழக்கிலும் ஆரவல்லிக் குன்றுகள் நிற்கின்றன. மேற்கே போகப் போகத் தார் பாலைவனம். ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழைதான், அதிலும் பெரும்பகுதி ஜூலை முதல் செப்டம்பருக்குள் பெய்து முடிந்துவிடும். மீதி மாதங்களில் மண் காய்ந்து கிடக்கிறது, அதைப் பிடித்து வைக்கப் போதுமான புல்பூண்டும் இல்லை. ஏப்ரல் முதல் ஜூன் வரை ‘லூ’ என்ற அனல்காற்றும் ‘ஆந்தி’ என்ற புழுதிப்புயலும் மாறி மாறி வீசும். மே மாதக் காலைகளில் ஸ்கூட்டர் இருக்கையை இருமுறை துடைத்தால்தான் உட்கார முடியும். ஆனால் அதே மே மாத நண்பகலில் தரை கொதிப்பதால், காற்று இரண்டு மூன்று கிலோமீட்டர் உயரம் வரை மேலெழுந்து கலக்கிறது; வாகனப்புகை அந்தப் பெரிய வெளியில் நீர்த்துப்போகிறது.

டிசம்பரில் இது தலைகீழாகும். வறண்ட, மேகமற்ற வானத்தின் கீழ் தரை இரவில் விரைவாகக் குளிர, தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துத் தங்கிவிடுகிறது. அதற்கு மேலே வெதுவெதுப்பான ஒரு படலம் சட்டிக்கு மூடி போட்டதுபோல் உட்கார்ந்துகொள்கிறது. நகரின் வாகனங்கள் மே மாதத்தில் ஓடிய அதே வாகனங்கள்தாம், ஆனால் அவற்றின் புகைக்குக் கிடைக்கும் இடம் இப்போது சில நூறு மீட்டர் மட்டுமே. கோடையில் பெரிய தூசித்துகள்கள், குளிர்காலத்தில் 2.5 மைக்ரானுக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவான நுண்துகள் என்று அந்த ஊரின் நோய்கள்கூடப் பருவம் பார்த்து மாறுவதாக எனக்குத் தோன்றியதுண்டு.

நமக்கோ கிழக்கே கடல் இருக்கிறது. காற்றிலுள்ள ஈரம் இரவுக் குளிர்ச்சியை மட்டுப்படுத்துகிறது. பெரும்பாலான நாட்களில் நண்பகல் வாக்கில் கடற்காற்று உள்ளே வருகிறது. காற்றுக்குத் திசைதோறும் தனிப்பெயர் வைத்தவர்கள் நாம்: வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. கொண்டல் என்ற சொல்லுக்கே மேகம் என்றும் பொருள் உண்டு. கோடை என்ற சொல் வெயில் காலத்தையும் குறிக்கும். ஜூன், ஜூலையில் மேற்குத் தொடர்ச்சி மலையில் மழையை இறக்கிவிட்டு வரும் மேல்காற்று, அதாவது மேற்குக் காற்று, காய்ந்த சமவெளி முழுவதையும் கடந்து நம்மை அடைகிறது. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களும் அனல்மின் நிலையங்களும் அந்த வழியில்தான் இருக்கின்றன. மேல்காற்று பலமாக இருக்கும் நாட்களில் கடற்காற்று பிற்பகல் இரண்டு, மூன்று மணி வரை தயங்கி நிற்கும். சில நாட்களில் வருவதே இல்லை.

கடற்காற்றையே காவல்தெய்வமாக்கிவிடவும் கூடாது. கடல்மேல் குளிர்ந்து வரும் காற்றில், கரையோரத்தில் கலப்பு நிகழும் அடுக்கின் உயரம் குறைவு. உயரமான புகைபோக்கியிலிருந்து கிளம்பும் புகை அந்த அடுக்குக்கு மேலேயே உள்நாட்டை நோக்கி நகர்ந்து, அடுக்கு தடிமனாகும் இடத்தில் திடீரெனத் தரைக்கு இறங்கக்கூடும். இரவில் நிலக்காற்று கடலுக்குக் கொண்டுபோன மாசில் ஒரு பகுதி மறுநாள் திரும்பியும் வரலாம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இல் வெளியிட்ட மாசுக் குறியீட்டில் கடலூர்ப் பகுதி 77.45 புள்ளிகள் பெற்றது. 70ஐத் தாண்டினாலே ‘மிக மோசமாக மாசுபட்ட பகுதி’ என்பது அதன் வரையறை. காற்று, நீர், நிலம் மூன்றையும் சேர்த்த கணக்கு அது என்றாலும், கடற்கரை ஊர் என்பதால் மட்டும் தப்பிவிட முடியாது என்பதற்கு அந்த எண் போதும். (கருவியில் பதிவாகும் 10 மைக்ரான் துகள்களின் எடையில் கடல் உப்பும் சேரும். எங்கள் வீட்டு ஜன்னல் கம்பிகள் துருப்பிடிக்கும் வேகத்தைப் பார்த்தால் அதன் பங்கு சிறிதாக இருக்க வாய்ப்பில்லை.)

மழை ஓய்ந்த மார்கழிக் கடைசியில்தான் நம் காற்று ஜெய்ப்பூரைக் கொஞ்சம் நினைவூட்டுகிறது. விடியற்காலையில் காற்று அசைவதில்லை. பனிமூட்டத்தோடு குப்பைப்புகை கலந்து நிற்கிறது. போகியன்று அதில் டயர் புகையும் சேர்ந்துகொள்கிறது. போதாததற்கு வடகிழக்குக் காற்று கங்கைச் சமவெளியின் மூட்டத்தை வங்கக்கடல் வழியாகத் தெற்கே தள்ளுகிறது. 1999 ஜனவரி முதல் மார்ச் வரை வீரபத்ரன் ராமநாதன் உள்ளிட்ட அறிவியலாளர்கள் நடத்திய இந்தியப் பெருங்கடல் ஆய்வு, இந்தப் பழுப்பு மூட்டம் கடல்மேல் வெகுதூரம் பரவியிருப்பதை அளந்து காட்டியது.

அதனால் மார்கழி, தை இரண்டு மாதங்களுக்கு மட்டும் தேவனாம்பட்டினம் வரையிலான என் காலை நடையை, வெயில் ஏறிப் பனி விலகும் எட்டு மணிக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்ட எந்த நேரத்திலும் கிளம்பிவிடுவேன்.